செத்த மீனுடன் வந்தவர்கள்

சில வாரங்களுக்கு முன்னர் வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். வரவேற்பறையின் மூலையில் புதிதாக ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதனுள் மீன் ஒன்றுகூட இல்லை. பச்சை நிறப் பிளாஸ்ரிக் செடி ஒன்றும் காற்றுக் குமிழிகளும் மாத்திரமே இருந்தன. நண்பரின் மகன் கைத்தொலைபேசியில் எவருடனோ உரத்த குரலில் வாதிட்டுக் கொண்டிருந்தான். "போன கிழமை வாங்கின எட்டும் செத்துப்போச்சு. நீங்கள் வருத்தம் பிடிச்ச மீனை வித்திருக்கிறியள்" என்றான். மறுமுனையில் என்ன பதில் வந்திருக்கும் என்பதை நான் கேட்காமலே அறிவேன். தண்ணீரை எப்போது மாற்றினீர்கள், எவ்வளவு சாப்பாடு போட்டீர்கள் என்ற இரண்டு கேள்விகளுமே அவை. ஒரு காலத்தில் அந்த இரண்டு கேள்விகளையும் நாள்தோறும் கேட்டு வயிறு வளர்த்தவன் நான்.

பத்திரிகைத்துறையில் என்னை அறிந்தவர்களில் பலர் இதனை அறியார். 1989 ஆம் ஆண்டின் பெரும்பகுதியையும் அதற்குப் பின் சில மாதங்களையும் கொழும்பில் ஓர் அலங்கார மீன் கடையில் நான் கழித்தேன். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருந்தேன். ஆனால் தென்னிலங்கையில் மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாவது கிளர்ச்சி உச்சத்தில் இருந்த காலம் அது. பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன. கொக்குவிலில் இருந்து சிறிய தந்தையாரின் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்த நான், திண்ணையில் குந்தியிருந்து அவருடைய அரிசியைத் தின்பதற்கு வெட்கப்பட்டு வேலை தேடினேன். காலி வீதியில், வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் இடையில் இருந்த அந்தக் கடையின் முதலாளி ஒரு சிங்களவர். அவருக்குத் தமிழ் வராது. வாடிக்கையாளரில் பாதிப்பேர் தமிழர். எனக்குக் கொச்சைச் சிங்களமும் ஓரளவு ஆங்கிலமும் தெரிந்திருந்தன. மீனைப் பற்றி எதுவும் தெரியாதென்று நான் உண்மையைச் சொன்னபோது அவர் சிரித்தார். மீனைத் தான் பார்த்துக் கொள்வதாகவும், நான் மனிதரைப் பார்த்துக் கொண்டால் போதுமென்றும் கூறினார்.

மனிதரைப் பார்த்துக் கொள்வதென்றால் என்ன என்பது முதல் சனிக்கிழமையே விளங்கியது. சனிக்கிழமை காலையில்தான் செத்த மீன்கள் கடைக்கு வரும். பத்திரிகைத் தாளில் சுற்றி வரும், யோகட் கோப்பையில் வரும், ஒரு தடவை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வந்தது. கொண்டு வருபவர் அதனைச் சாட்சிப் பொருள் போல் மேசையில் வைப்பார். சிலர் புதிய மீன் கேட்பர். சிலர் காசைத் திருப்பிக் கேட்பர். சிலர் ஒன்றையும் கேட்க மாட்டார்கள். பத்துப்பேர் முன்னிலையில் எங்களைத் திட்டிவிட்டுப் போய்விடுவர். முதலாளியின் விதிகள் சில இருந்தன. செத்த மீனை உடனே கையில் வாங்கிவிட வேண்டும், ஏனெனில் அது மேசையில் கிடக்கும் வரை மற்றவர்கள் வாங்க மாட்டார்கள். குற்றம் உன்னுடையது என்று முதல் வசனத்தில் சொல்லக்கூடாது, மூன்றாவது வசனத்தில் சொல்லலாம். பிள்ளையுடன் வருபவரிடம் பிள்ளையைப் பார்த்துப் பேச வேண்டும். தங்கமீனுக்கு மாற்று மீன் கொடுக்கலாம், ஏஞ்சலுக்குக் கொடுக்கக்கூடாது. பின்னாளில் ஆசிரியபீடத்தில் கோபத்துடன் வரும் வாசகர்களைச் சமாளிப்பதற்கு இந்த விதிகள் எனக்குப் பெரிதும் கைகொடுத்தன என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

வாங்க முன்னரே சிக்கல் கொடுப்பவர்களும் உண்டு. ஒஸ்கார் மீனையும் கப்பி மீன்களையும் ஒரே தொட்டியில் விட வேண்டுமென்று அடம்பிடித்த ஒரு கனவான், ஒன்று மற்றதைத் தின்றுவிடும் என்று நான் சொன்னதற்கு, தன் வீட்டில் எவரும் அப்படி நடந்துகொள்வதில்லை என்றார். மறுவாரம் வந்து கப்பிகள் களவு போய்விட்டதாக முறையிட்டார். சண்டை மீன் இரண்டை ஒரே போத்தலில் கேட்டு வருபவர்கள் இருந்தனர். வளர்ந்து தொட்டிக்குள் அடங்காது போன மீனைத் திருப்பி வாங்கச் சொல்லி வருபவர்களும் இருந்தனர். முதலாளி வாங்க மாட்டார். அவர்கள் அந்த மீன்களை எந்தக் கால்வாயில் விட்டார்களோ. தொட்டி துப்புரவு செய்வதற்கென்று பின்னாளில் விற்கப்பட்ட தென்னமெரிக்க உறிஞ்சி மீன் இன்று இலங்கையின் நீர்நிலைகளில் ஆக்கிரமிப்பு இனமாகப் பெருகியிருப்பதை வாசிக்கும்போதெல்லாம், அந்தக் கனவான்களின் முகங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன.

இந்தச் சச்சரவு புதியதன்று. மீனைக் கண்ணாடிக்குள் வைத்து விற்கத் தொடங்கிய நாளில் இருந்தே இருந்து வருவது. சீனர்கள் சொங் வம்சக் காலத்திலேயே தங்கமீனைக் குளங்களில் வளர்த்தனர். மிங் காலத்தில் அது வீட்டுச் சாடிகளுக்குள் வந்தது. 1596 இல் சாங் சியாண்டே என்பவர் செந்நிற மீன்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1665 இல் இலண்டன் வீடொன்றில் கண்ணாடிப் பாத்திரத்து நீரில் வைத்திருந்த அந்நிய நாட்டு மீன்களைக் கண்டு வியந்ததைச் சாமுவேல் பெப்பிஸ் தமது நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். ஆயினும் மீன் வளர்ப்பு நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குள் புகுந்தது 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். 1845 இல் பிரித்தானியாவில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது. கண்ணாடி மலிந்தது. 1850 இல் றொபேட் வாறிங்ரன் என்ற இரசாயனவியலாளர், இரண்டு தங்கமீன்களையும் ஒரு நீர்த்தாவரத்தையும் சில நத்தைகளையும் ஒரே பாத்திரத்தில் வைத்து, நீரை மாற்றாமலே அவை வாழ்வதை எடுத்துக்காட்டினார். தாவரம் ஒட்சிசனைக் கொடுக்கிறது, நத்தை அழுகிய இலையைத் தின்கிறது, ஆகவே எல்லாம் சமநிலையில் இருக்கிறது என்பது அவருடைய விளக்கம். 1853 இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் மீன் மாளிகை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் வெளியானதும் சீமாட்டிகள் வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கத் தொடங்கினர்.

இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒருவர் ஆனா தின் என்னும் பெண்மணி. 1846 இல் கடற்கரையில் இருந்து முருகை உயிரினங்களை இலண்டனுக்குக் கொண்டு வந்த அவர், கடல்நீரை நாள்தோறும் ஒரு பாத்திரத்தில் இருந்து இன்னொரு பாத்திரத்துக்குத் திறந்த யன்னலோரம் நின்று ஊற்றச் செய்து அவற்றைக் காப்பாற்றினார். ஊற்றியது அவரல்லர், வீட்டு வேலைக்காரி. அந்த வேலைக்காரியின் பெயர் எங்கும் பதியப்படவில்லை. இதனை நான் வாசித்தது வெகு காலத்தின் பின்னர். வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது 1989 இன் மின்வெட்டு இரவுகள். மின்மாற்றிகள் தகர்க்கப்பட்ட அந்நாட்களில் காற்றுப் பம்பிகள் நின்றுவிடும். முதலாளியும் நானும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆளுக்கொரு சாடியுடன் தொட்டி தொட்டியாகச் சென்று நீரை அள்ளி உயரத்தில் இருந்து ஊற்றுவோம். ஊரடங்கு அமுலில் இருந்தால் கடையிலேயே படுக்கை. நடுநிசிக்குப் பின்னர் முதலாளி களைத்துச் சாக்கில் சாய்ந்துவிடுவார். நான் ஊற்றிக் கொண்டிருப்பேன். விடியும்போது எங்கள் மீன்களில் பெரும்பகுதி தப்பியிருக்கும். எங்கள் வாடிக்கையாளரின் மீன்கள் தப்பியிரா. ஊரடங்கு தளர்ந்ததும் அவை எல்லாம் பத்திரிகைத் தாளில் வந்து சேரும்.

இலண்டன் கதைக்குத் திரும்புவோம். தொட்டிப் பைத்தியம் பிடித்த அந்தப் பத்தாண்டில், ரீஜன்ற் பூங்காவுக்கு அருகில் வில்லியம் அல்போட் லொயிட் என்பவர் மீன்தொட்டிகளுக்கும் உயிரினங்களுக்கும் ஒரு கடை வைத்தார். 1858 இல் நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட விலைப்பட்டியல் ஒன்றையும் அச்சிட்டார். வியாபாரம் நிலைக்கவில்லை. நொடித்துப் போன லொயிட் பின்னர் ஹம்பேர்க்கிலும், 1871 இல் இலண்டன் பளிங்கு மாளிகையிலும் பொதுமக்களுக்கான பெரும் மீன்காட்சியகங்களை அமைத்துப் புகழ்பெற்றார். அவருடைய முறையில் ஒரு விசேடம் உண்டு. காட்சித் தொட்டிகளில் இருந்த நீரைவிடப் பல மடங்கு நீரை நிலத்தடியில் இருண்ட தொட்டிகளில் வைத்து இடைவிடாது சுற்றியோடச் செய்தார். நீர் தெளிந்தே இருந்தது. ஏன் தெளிந்திருந்தது என்பதற்கு அக்காலத்தவர் ஒட்சிசனையே காரணமாகக் கூறினர்.

உண்மையான காரணம் வேறு. மீனின் செவுளில் இருந்தும் கழிவில் இருந்தும் எஞ்சிய உணவில் இருந்தும் அமோனியா நீரில் சேர்கிறது. அது மீனுக்கு நஞ்சு. கல்லிலும் மணலிலும் தொட்டிச் சுவரிலும் படிந்து வாழும் பக்டீரியாக்கள் அந்த அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின்னர் அவ்வளவாகத் தீங்கற்ற நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இப்பக்டீரியாக்களை 1890 இல் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். ஆனால் ஆய்வுகூடத்தில் தெரிந்த விடயம் மீன் கடைக்கு வந்து சேர முக்கால் நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. எமது கடைக்கு அது 1989 இலும் வந்து சேர்ந்திருக்கவில்லை. புதிய தொட்டியில் இப்பக்டீரியாக்கள் போதிய அளவு பெருகுவதற்கு நான்கு தொடக்கம் ஆறு வாரங்கள் வேண்டும். அதுவரை மீன்களைக் குறைவாக விட்டு, நீரைச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். நாங்கள் என்ன சொன்னோம்? வாராவாரம் தொட்டியை முற்றாக வெறுமையாக்குங்கள், கற்களை எடுத்துக் குழாய் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், புதிய நீர் நிரப்புங்கள் என்று சொன்னோம். குழாய் நீரில் குளோரின் இருக்கிறது. அது மீனையும் வாட்டும், பக்டீரியாவையும் கொல்லும். எமது சொற்படி நடந்தவரின் தொட்டி வாராவாரம் புதுத் தொட்டியாகவே இருந்தது. சோம்பேறிகளின் மீன்கள் நீண்ட நாள் வாழ்ந்தன. கவனமானவர்களின் மீன்கள் செத்தன. கவனமானவர்களே சனிக்கிழமைகளில் கோபத்துடன் வந்தனர்.

அறிவியலாளரும் இதில் நெடுங்காலம் பிழைவிட்டிருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். நைத்திரைற்றை மாற்றுவது நைத்திரோபக்டர் என்ற பக்டீரியா என்றே பாடநூல்கள் கூறி வந்தன. நன்னீர் மீன்தொட்டிகளில் அவ்வேலையைச் செய்வது நைத்திரோஸ்பைரா என்பதை ஹோவானெக்கும் அவருடைய சகாக்களும் 1998 இல்தான் காட்டினர்.

எமது மண்ணுக்கு வருவோம். இலங்கையின் நீரோடைகளில் உள்ள சிறு மீன்களை உலகம் அறிந்ததில் பி. ஈ. பி. தெரணியகலவுக்குப் பெரும் பங்குண்டு. செரி பாப் என்று இன்று உலகெங்கும் விற்கப்படும் தித்தெயாவை அவர் 1929 இல் விபரித்துப் பெயரிட்டார். ஹல் மரத்தின் பூவை நினைவூட்டும் பெயர் கொண்ட ஹல் மல் தண்டியாவை 1930 இலும், மல்புலுட்டாவை 1937 இலும் விபரித்தார். இவை ஈரவலயக் காட்டோடைகளில் மாத்திரம் வாழ்பவை. பின்னர் நீர்மூழ்கியும் இயற்கை ஆய்வாளருமான றொட்னி ஜொங்க்ளாஸ் போன்றவர்கள் நன்னீர் மீன்களையும் கடல் மீன்களையும் வெளிநாடுகளுக்கு அனுப்பும் தொழிலை வளர்த்தெடுத்தனர். தகரக் கொள்கலன்களில் கப்பலேறிய மீன்கள், பொலித்தீன் பையும் ஒட்சிசனும் விமானமும் வந்த பின்னர் ஒன்றிரண்டு நாட்களில் ஐரோப்பாவைச் சென்றடைந்தன. எமது கடையில் வாங்க வருபவர்கள் இலங்கை மீனை விரும்புவதில்லை. "இது ஆற்று மீனல்லவா" என்பர். அவர்களுக்குத் தென்னமெரிக்க மீன் வேண்டும். ஜேர்மனியில் எவரோ தித்தெயாவுக்குப் பெருவிலை கொடுத்துக் கொண்டிருந்த அதே காலம் அது.

எங்கள் ஊரில் அலங்கார மீன் என்றால் கப்பியும் மொலியும்தான். கப்பியை நுளம்புக் குடம்பிகளைத் தின்பதற்கென்று கிணற்றில் விடுவார்கள். மொலியைச் சிலர் முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் வளர்த்தனர். மாஸ்ரர் கதைக்கு இது அவசியம் என்பதால் சொல்கிறேன்.

மாஸ்ரர் என்பது எங்கள் கடையில் அவருக்கு நான் இட்ட பெயர். வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் நீண்டகாலம் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். 1987 ஒக்ரோபரில் இந்தியப் படையினரின் நடவடிக்கை தொடங்கிய பின்னர் மனைவியுடனும் பேரனுடனும் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு மாடியறையில் இருந்தார். பேரனின் பெற்றோர் வெளிநாட்டில். பிள்ளையை அங்கே அனுப்புவதற்கான கடதாசிகளுக்குக் காத்திருந்தனர். பிள்ளை பாடசாலைக்குப் போகவில்லை, வெளியே விளையாடவும் விடுவதில்லை, ஆகவே ஒரு தொட்டி வாங்கிக் கொடுத்தார். கறுப்பு மொலி ஆறு கேட்டார். ஏன் மொலி என்றேன். "அவன்ரை வீட்டிலை நிண்டது அதுதான்" என்றார்.

ஆறும் பத்து நாட்களில் செத்தன. சாவதற்கு முன்னர் செட்டையை ஒடுக்கிக் கொண்டு, நின்ற இடத்திலேயே நடுங்கியதாகக் கூறினார். முதலாளி மாற்று மீன் நான்கு கொடுத்தார். அவையும் நடுங்கிச் செத்தன. மூன்றாம் முறை அவர் காசு கொடுத்தே வாங்கினார். சாப்பாடு கூடிவிட்டது என்றோம். அவர் ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினார். எந்த நாளில் எத்தனை கிள்ளு உணவு, எப்போது நீர் மாற்றியது, எப்போது முதல் மீன் நடுங்கியது எல்லாம் பச்சை மையில் எழுதப்பட்டிருந்தன. எங்களுக்கு அது எரிச்சலையே தந்தது. கொப்பியுடன் வரும் வாடிக்கையாளரைப் போல் கடைக்காரனுக்குத் தொல்லையானவர் எவருமில்லை.

நான்காம் முறை அவர் வந்தது ஒரு சனிக்கிழமை முற்பகல். கடை நிறைந்திருந்தது. அன்று காலையில்தான் இன்னொரு சம்பவம் நடந்திருந்தது. இடுப்பில் துப்பாக்கி செருகிய சிவில் உடைக்காரர் ஒருவர் மீன் பார்ப்பது போல் வந்து நின்று, என் சிங்கள உச்சரிப்பைக் கேட்டு, அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். முதலாளி குறுக்கிட்டு, இவன் எங்கள் பொடியன், இரண்டு வருடமாக இங்கேதான் இருக்கிறான் என்று பொய் சொன்னார். அவர் ஒரு சோடி ஏஞ்சலை வாங்கிக் கொண்டு காசு கொடுக்காமல் போனார். முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பது என்று யோசித்துக் கொண்டிருந்தபோதுதான் மாஸ்ரர் உள்ளே வந்து, "தம்பி" என்று தமிழில் உரக்க அழைத்தார்.

அவர் செத்த மீன் கொண்டு வரவில்லை. ஒரு யோசனை கொண்டு வந்திருந்தார். "தம்பி, நான் யோசிச்சுப் பாத்தனான். அங்கை கேத்திலுக்குள்ளை வெள்ளையாப் படியும். சவர்க்காரம் நுரைக்காது. இஞ்சை சவர்க்காரம் போட்டால் கழுவக் கழுவ நுரை போகுதில்லை. அது சுண்ணாம்புக் கல்லுத் தண்ணி, இது மழைத் தண்ணி. மீன் ஒண்டுதான், தண்ணிதான் வேறை. கடற்கரையிலை சிப்பி பொறுக்கித் தொட்டிக்குள்ளை போட்டால் என்ன? உங்கடை முதலாளியிட்டைக் கேட்டுச் சொல்லும்."

நான் சுருக்கமாக மொழிபெயர்த்தேன். முதலாளிக்கும் காலையில் இருந்து மனம் சரியில்லை. அவர் சிங்களத்தில் சொன்னது இதுதான்: சிப்பி போட்டால் தொட்டி நாறும், இந்தக் கிழவனுக்குப் பிளாஸ்ரிக் மீன்தான் சரி, அதற்குத் தண்ணீரும் தேவையில்லை. அருகில் நின்றவர்கள் சிரித்தனர்.

அதனை மாற்றிச் சொல்வதற்கு எனக்கு அதிகாரம் இருந்தது. அதற்காகத்தான் எனக்குச் சம்பளம். வழமையாக முதலாளியின் எந்தக் கடுமொழியையும் பாதியாக்கித்தான் தமிழில் சொல்வேன். அன்று ஒரு சொல் குறையாமல் சொன்னேன். சிரித்துக்கொண்டு சொன்னேன். தமிழில் ஒருவர் அழைத்தவுடன் குழைந்து நிற்பவன் அல்லன் நான் என்று அந்தக் கடைக்கும், காலையில் வந்து போன மனிதருக்கும், எனக்குமே காட்ட வேண்டியிருந்தது போலும். மாஸ்ரர் என்னை ஒரு கணம் பார்த்தார். வகுப்பில் பிழையான விடை சொன்ன மாணவனைப் பார்ப்பது போன்ற பார்வை, கோபம் இல்லை. "சரி தம்பி" என்றார். கொப்பியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். பிறகு அவர் வரவில்லை.

1990 இல் பல்கலைக்கழகம் திறந்தது. நான் கடையை விட்டுப் போனேன். அவ்வாண்டு யூன் மாதத்தில் மீண்டும் யுத்தம் மூண்டு, ஊருக்கான பாதை அடைபட்டது. பட்டம் பெற்று, பத்திரிகையில் சேர்ந்து, மீனை முற்றாக மறந்திருந்தேன். 1990களின் பிற்பகுதியில் அலங்கார மீன் ஏற்றுமதி பற்றி ஒரு விவரணக் கட்டுரை எழுதும்படி ஆசிரியர் பணித்தார். என் பழைய தொழிலை அவர் அறியார், தற்செயலே. கொழும்புக்கு வெளியே ஒரு பண்ணைக்குச் சென்றேன். வரிசையாகத் தொட்டிகள். மொலித் தொட்டிகள் ஒவ்வொன்றின் அடியிலும் வலைப்பை ஒன்றில் கட்டிய சிப்பி ஓடுகள் கிடந்தன.

அவை எதற்கு என்று அங்கே வேலை செய்த பெண்ணிடம் கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்பது போல் பார்த்து விளக்கினார். மொலியின் பூர்வீகம் மெக்சிகோவும் அதனை அண்டிய கரையோரங்களும். கல்சியம் கூடிய வன்னீரிலும் சற்று உவர்ந்த நீரிலும் வாழ்வது. மென்மையான நீரில் விட்டால் நடுங்கிச் சாகும். சிப்பி ஓடு மெல்ல மெல்லக் கரைந்து நீரை வன்னீராக்கும். கொழும்புக்கு வரும் குழாய் நீர் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்தும் களனி ஆற்றில் இருந்தும் வருவது. ஈரவலய மழைநீர், சுண்ணாம்பு மிகக் குறைவு. யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணக்கல்லின் மீது இருப்பது. அங்கே கிணற்றில் இருந்து வருவது கரைந்த சுண்ணாம்பு.

அப்படியாயின் எங்கள் கடையில் மட்டும் மொலிகள் எவ்வாறு உயிருடன் இருந்தன? அதற்கு விடை காண எனக்கு அன்றைய பஸ் பயணம் முழுவதும் எடுத்தது. கடையின் பின்புறத்தில் மொலிகளைச் சீமெந்துத் தொட்டிகளில்தான் வைத்திருந்தோம். சீமெந்தில் இருந்து சுண்ணாம்பு நீரில் இறங்கும். அத்துடன் முதலாளி தம் தகப்பனார் செய்தது போல் அத்தொட்டிகளுக்கு ஒரு பிடி உப்புப் போடுவார், ஏனென்று அவருக்கும் தெரியாது. அங்கே கொழுகொழுவென்று இருந்த மீனைப் பிடித்து, பொலித்தீன் பையில் கட்டி, வீட்டில் மென்னீர் நிரம்பிய கண்ணாடித் தொட்டிக்கு அனுப்பினோம். சாப்பாடு கூடிவிட்டது என்றோம். மாஸ்ரர் தம் வீட்டுக் கேத்திலில் இருந்தும் சவர்க்காரத்தில் இருந்தும் கண்டுபிடித்ததை, நூற்றுக்கணக்கான மொலிகளை விற்ற நாங்கள் கண்டுபிடிக்கவில்லை.

அவரைத் தேடினேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அந்த மாடி வீடு இருந்த ஒழுங்கைக்கு ஒரு தடவை போனேன். வீட்டில் வேறு ஆட்கள். யாழ்ப்பாணத்தார் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள், எவரைக் கேட்கிறீர்கள் என்றனர். அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. மாஸ்ரர் என்றால் வெள்ளவத்தையில் எத்தனை மாஸ்ரர். பேரனுக்கு இப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். கடை இருந்த இடத்தில் பின்னர் கைத்தொலைபேசிக் கடை ஒன்று வந்தது. முதலாளி காலமானதாகக் கேள்விப்பட்டேன். அன்று காலையில் எனக்காக அவர் சொன்ன பொய்யை நான் மறக்கவில்லை. அன்று முற்பகல் அவர் சொன்னதையும் மறக்கவில்லை. இரண்டும் ஒரே நாளில் ஒரே வாயில் இருந்து வந்தவை.

நண்பரின் மகன் தொலைபேசியை வைத்த பின்னர், தொட்டியின் கற்களை எத்தனை நாளைக்கொருதரம் கழுவுகிறாய் என்று அவனிடம் கேட்டேன். வாரம் ஒரு தடவை, கடையில் அப்படித்தான் சொன்னார்கள் என்றான்.

ஏற்றுமதி பற்றிய அந்தக் கட்டுரை வெளியானது. அந்நியச் செலாவணி, விமானக் கட்டணம், அரசாங்கம் கொடுக்க வேண்டிய சலுகைகள் எல்லாம் அதில் இருந்தன. சிப்பி ஓட்டைப் பற்றியும் ஒரு புவியியல் ஆசிரியரைப் பற்றியும் ஒரு பந்தி எழுதியிருந்தேன். இடம் போதவில்லை என்று பக்கத்தை அமைத்தவர் அதனை வெட்டிவிட்டார். வெட்டியது சரிதான், ஏற்றுமதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பந்தியைத்தான் இன்று இங்கே விரித்து எழுதியிருக்கிறேன்.